சம்பளச் சீட்டும் சாயங்காலமும்

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வதானால் ஒரு வரி போதும்: அந்த ஐந்து லட்சம் தனிநபர் கடன் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதைத் தனியாக உங்களுக்கு எழுதாமல் பத்திரிகைக்கு எழுதுகிறேன். படப்பை, ஒரகடம், மணிமங்கலம் பக்கம் வாடகைக்குக் குடியிருந்து முதல் இரண்டு மூன்று வருடச் சம்பளத்தில் இருக்கும் ஆசிரியர்கள் எல்லோருக்கும், கடன் தருகிறோம் என்ற இதே தொலைபேசி அழைப்பு வந்துகொண்டுதான் இருக்கிறது.

வாத்தியாருக்குக் கடன் கொடுக்க யாரும் யோசிப்பதில்லை. உங்கள் வகுப்புப் பையனின் அப்பா ஒப்பந்தத் தொழிலாளி. ஒரு மோட்டார் சைக்கிளுக்குக் கடன் கேட்டால் அவரை இரண்டு முறை அலையவிடுவார்கள், வீட்டு ஓனரிடம் விசாரிப்பார்கள். உங்களுக்கோ களஞ்சியம் செயலியிலிருந்து இறக்கிய மூன்று மாதச் சம்பளச் சீட்டு போதும். மாதக் கடைசி நாளில் கருவூலத்திலிருந்து பணம் வந்துவிடும், தவணையை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். அந்த மரியாதை உங்களுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அது கருவூலத்துக்கு.

கணக்கைப் பார்ப்போம். இடைநிலை ஆசிரியராக உங்கள் அடிப்படை ஊதியம் 20,600. 2025 ஜூலை முதல் அகவிலைப்படி 58 சதவீதம், அதாவது 11,948. இரண்டும் சேர்ந்து 32,548. இதில் பத்து சதவீதம், 3,255 ரூபாய், பங்களிப்பு ஓய்வூதியத்துக்குப் பிடித்தம். மருத்துவக் காப்பீடு, குடும்பப் பாதுகாப்பு நிதி போக, வீட்டு வாடகைப்படியும் சேர்த்துக் கைக்கு வருவது முப்பதாயிரத்தைச் சுற்றித்தான். ஐந்து லட்சத்தை 12 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 11,122. முதல் தேதியே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். மீதியில் வாடகை, பால், பைக் பெட்ரோல், ஊரில் இருக்கும் அப்பாவின் மருந்து. இருபதாம் தேதிக்கு மேல் கிரெடிட் கார்டு வெளியே வரும். கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு மாதம் மூன்றரை சதவீதம் அளவுக்கு வட்டி ஏறுகிறது. வருடத்துக்கு 42 சதவீதம், அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி தனி.

பணக்கணக்கு இவ்வளவுதான். இதற்குப் பின்னால் இன்னொரு கணக்கு இருக்கிறது. அதற்காகத்தான் கடிதமே.

பள்ளி நாலு மணி சொச்சத்துக்கு விடுகிறது. நாளைய பாடத்துக்கு என்ன செய்யலாம் என்று யோசிப்பது, நோட்டு திருத்துவது, படிக்காமல் போன பிள்ளையின் அம்மாவைக் கடைத்தெருவில் பார்த்து ரெண்டு வார்த்தை பேசுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். நல்ல வாத்தியார் உருவாவது சாயங்காலத்தில். தவணை சம்பளத்தின் அளவைத் தாண்டினால் முதலில் பறிபோவதும் அதுதான். ஐந்து மணிக்கு மேல் ஒருவர் இன்சூரன்ஸ் பாலிசி பிடிக்கப் போவார். இன்னொருவர் மனைத் தரகராவார். இன்னொருவர் சீட்டுக்கு ஆள் சேர்ப்பார். யாரிடம்? மாணவர்களின் பெற்றோரிடம். அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-லேயே கடன் கொடுப்பது, வாங்குவது, தீராக் கடனில் மூழ்குவது பற்றியெல்லாம் கட்டுப்பாடு எழுதிவைத்திருக்கிறார்கள். விதியை மீறி நோட்டீஸ் வாங்கியவர்களை அதிகம் பார்த்ததில்லை. ஆனால் வகுப்பில் உட்கார்ந்தபடி, மேசைக்குக் கீழே போனை வைத்துத் தவணைத் தேதிக்கு யாரிடம் கைமாற்று வாங்கலாம் என்று பட்டியல் போடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பிள்ளைகளுக்கும் தெரியும். நாலாம் வகுப்புப் பிள்ளை சொல்லும், “சாருக்கு இன்னிக்கு மூடு சரியில்ல” என்று.

உங்கள் தலைமுறைக்கு ஏன் இது அதிகம் நடக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. ஊதாரித்தனம் என்று சொல்லும் பெரியவர்களை நம்பாதீர்கள். 2003 ஏப்ரல் 1-க்கு முன்னால் சேர்ந்தவர்களுக்குப் பொது வருங்கால வைப்புநிதி, ஜிபிஎஃப் இருந்தது. தங்கைக்குக் கல்யாணமா, வீட்டில் ஆபரேஷனா, சொந்தச் சேமிப்பிலிருந்தே முன்பணம் எடுத்துத் தவணையாகத் திருப்பிக் கட்டினோம். சம்பளத்துக்குள்ளேயே ஒரு வங்கி. உங்கள் சம்பளத்திலும் மாதாமாதம் பிடிக்கிறார்கள், ஆனால் அவசரத்துக்கு அதைத் தொட முடியாது. அந்த இடத்தில்தான் தனிநபர் கடன் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஊதிய முரண்பாடு இன்னொன்று. 2009 மே 31-ம் தேதி வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை 8,370, மறுநாள் ஜூன் 1-ல் சேர்ந்தவருக்கு 5,200. ஒரு நாள் வித்தியாசத்துக்கு 3,170 ரூபாய். சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு 2018 டிசம்பரிலும் 2022 டிசம்பரிலும் சென்னை டிபிஐ வளாகத்தில் பனியில் பட்டினி கிடந்தார்கள் உங்கள் மூத்தவர்கள். கோரிக்கை நியாயமானது. கூப்பிட்டால் நீங்களும் போங்கள். ஆனால் ‘அரியர் வந்ததும் அடைத்துவிடலாம்’ என்று இன்றைக்கே தவணை போட்டுவிடாதீர்கள். அப்படிப் போட்டவர்கள் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பகுதிநேர ஓவிய ஆசிரியரும் உடற்கல்வி ஆசிரியரும் இதைப் படித்தால் சிரிப்பார்கள். 2012-ல் 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். 2024-ல்தான் அது 12,500 ஆனது. மே மாதம் சம்பளமே இல்லாமல் இருந்தது. அவர்கள் கடன் வாங்குவது அரிசி பருப்புக்கு. அவர்களுக்குப் போய்ச் சிக்கனம் சொல்ல எனக்கு வாய் வராது. இந்தக் கடிதம் மாதச் சம்பளம் நிச்சயமாக வருகிறவர்களுக்கு.

இனி இந்தப் பருவம். நம் ஊரில் குளிர்காலம் என்பது ஐப்பசியில் மழையாகத் தொடங்கித் தையில் கல்யாணமாக முடிவது. வருடச் செலவில் பாதி இந்த நாலு மாதத்தில் வந்து விழும், சம்பளம் மட்டும் அதேதான். தீபாவளிக்குப் பண்டிகை முன்பணம் வாங்கியிருப்பீர்கள். பத்தாயிரமாக இருந்ததை இருபதாயிரம் ஆக்கியிருக்கிறார்கள். வட்டி இல்லாத கடன் அது, தாராளமாக வாங்கலாம். ஆனால் பத்து மாதத்துக்கு மாதம் இரண்டாயிரம் பிடிப்பார்கள் என்பதைக் கார்த்திகையிலேயே மறந்துவிடுகிறோம். பிறகு மழை. பைக் சைலன்சருக்குள் தண்ணீர், குழந்தைக்குச் சளி, இரண்டு நாள் காய்ச்சல் என்றால் டெங்கு டெஸ்ட். மழை விடுமுறைக்கு ஈடாகச் சனிக்கிழமை பள்ளி. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வேறு. படிவக் கட்டைப் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு தெருத்தெருவாக ஆசிரியர்கள் நனைந்தார்கள். அப்புறம் அரையாண்டுத் தேர்வு. பொங்கலுக்கு சி, டி பிரிவுக்கு மூவாயிரம் ரூபாய் போனஸ். கரும்புக்கும் துணிக்குமே அது போதாது.

மொய்யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். யாரும் அதைக் கடன் கணக்கில் எழுதுவதில்லை. தை பிறந்தால் வாத்தியார் வீட்டுக்கு வரும் பத்திரிகைக்கு அளவில்லை. சக ஆசிரியர் வீட்டுக் கல்யாணம், வட்டார அலுவலகத்தில் இருப்பவர் மகள் மஞ்சள் நீராட்டு, பழைய மாணவன் புதுமனை புகுவிழா, சத்துணவு அமைப்பாளர் வீட்டுக் காதுகுத்து. முதல் வருடத்திலேயே எல்லோருக்கும் ஆயிரம் எழுதிவிட்டால் அந்தத் தொகை உங்கள் பெயருக்கு நேராக ஊர் நோட்டுகளில் நின்றுவிடும், அடுத்த விசேஷத்துக்குக் குறைக்க முடியாது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி இரண்டு பத்தி போடுங்கள். வந்தது ஒரு பக்கம், வைத்தது ஒரு பக்கம். வந்தவர்களுக்கு வந்தபடி. வராதவர்களுக்கு இருநூறோ ஐந்நூறோ, மனைவியோடு உட்கார்ந்து ஒரு தொகையை முடிவு செய்து அதையே எல்லோருக்கும் வையுங்கள். மாணவர் வீட்டு விசேஷத்துக்கு முடிந்தால் நேரில் போங்கள். வாத்தியார் வந்து இலையில் உட்கார்ந்ததைத்தான் அவர்கள் நாலு பேரிடம் சொல்வார்கள், கவரைப் பற்றி அல்ல.

அடுத்து நகை. மனைவியின் நகையை வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தனிநபர் கடனைவிட நகைக்கடன் வட்டி குறைவு என்பது உண்மை. வங்கியில் மதிப்பீட்டாளர் உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, அமிலம் தொட்டுப் பார்த்து, கல்லுக்கும் அரக்குக்கும் எடை கழித்து எழுதுவார். அந்தச் சீட்டை வாங்கிப் படியுங்கள். மொத்த எடை, நிகர எடை இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். 2026 ஏப்ரல் முதல், இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அதற்கு முன் 75. கூடுதலாகத் தருகிறார்களே என்று சந்தோஷப்பட ஒன்றுமில்லை. அதே சங்கிலிக்கு வட்டி கூடுகிறது, மீட்கும் நாள் தள்ளிப்போகிறது. தங்கம் விலை ஏற ஏற, வருடக் கடைசியில் வட்டியைக் கட்டி அதே நகையைக் கூடுதல் தொகைக்கு மாற்றி வைப்பது இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. நகை வங்கிப் பெட்டியை விட்டு வெளியே வருவதே இல்லை. மீட்கும் தேதி தெரிந்தால் மட்டும் வையுங்கள்: சரண் விடுப்புப் பணம் வரும் மாதம், சீட்டு முடியும் மாதம், இப்படி ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும். தள்ளுபடி வரும் என்று வைக்காதீர்கள். 2021-ல் கூட்டுறவு வங்கிகளில் ஐந்து சவரன் வரை தள்ளுபடி செய்தபோது அரசு ஊழியர் குடும்பங்களைச் சேர்க்கவில்லை.

‘ஒரு வட்டிதானே சார்’ என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடமும் ஜாக்கிரதை. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் வருடத்துக்கு 12 சதவீதம், வங்கி மாதிரிதானே என்று தோன்றும். ஒரு லட்சம் வாங்கி 24 மாதத்தில் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 24,000. மாதம் 5,167. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு லட்சத்துக்கே போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் இது வருடத்துக்குச் சுமார் 21½ சதவீதம். நீங்கள் கணக்குப் பாடம் நடத்துகிறவர், போட்டுப் பாருங்கள். தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாம் 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டப்படி குற்றம். மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. இருந்தும் சாயங்காலம் கடைத்தெருவில் தோல்பை மாட்டிய ஆட்கள் நோட்டோடு வருவது நிற்கவில்லை.

உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளில் நடப்பது குழு லோன். வாரம் ஒருநாள் கூட்டம், கட்ட முடியாதவருக்குப் பதில் மற்ற பெண்கள் போட்டுக் கட்ட வேண்டும். தவணை நாளில் ஒரு பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்றால் அதட்டாமல் விசாரியுங்கள். அம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு பிள்ளையோடு எங்காவது போயிருப்பார். மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. அப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்று சொல்லுங்கள். மிரட்டல் என்றால் காவல் நிலையத்தில் மனு கொடுக்கலாம் என்பதைச் சொல்ல அந்தத் தெருவில் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள்.

அப்படியானால் அவசரத்துக்கு எங்கே போவது? ஆசிரியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம். உங்கள் வட்டாரத்தை எல்லையில் வைத்திருக்கும் சங்கம் எது என்று பள்ளியில் மூத்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். உறுப்பினராகிப் பங்குத் தொகையும் சிக்கன சேமிப்பும் கட்டிவந்தால் கடன் கிடைக்கும், பிடித்தம் சம்பளத்திலேயே போகும். ஒரே சிக்கல் ஜாமீன். நீங்கள் ஒருவரிடம் கையெழுத்து வாங்கினால் அவருக்கு நீங்களும் போட வேண்டிவரும். போடுங்கள், தப்பில்லை. ஆனால் அவருடைய சம்பளச் சீட்டில் பிடித்தம் எல்லாம் போக நிகரத் தொகை எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். அவர் கட்டாமல் நீண்ட விடுப்பில் போய்விட்டால் சங்கம் உங்கள் சம்பளத்தில் கை வைக்கும்போது அதைவிடக் கஷ்டமாக இருக்கும்.

மனைவி கம்பெனிக்குப் போகிறார், இரண்டு சம்பளம் வருகிறது, வீட்டுக்கடன் தாங்கும் என்கிறீர்கள். மார்கழி விடியலில் நீங்களே பார்க்கிறீர்கள். ராஜகோபாலப் பெருமாள் கோயிலில் திருப்பாவை தொடங்கும் நேரத்துக்கெல்லாம் முதல் ஷிப்டு பஸ்கள் பனியில் விளக்குப் போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசை என்றைக்கும் நிற்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-ல் வந்தது. 2014 நவம்பர் 1-ல் உற்பத்தியை நிறுத்தியது. மறைமலைநகரில் ஃபோர்டு 2022-ல் ஓய்ந்தது. சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பரில் தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கம் வைக்கும் உரிமைக்காக நின்ற அந்தப் போராட்டம் முடிந்தபோது தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் பாக்கி. ஆலைகளைக் குறை சொல்லவில்லை, இந்தப் பகுதியே அவற்றால்தான் பிழைக்கிறது. தவணையை ஒரு சம்பளத்துக்குள் அடக்குங்கள், உங்களுடையதற்குள். மனைவியுடையது சேமிப்புக்கும், அவருக்குப் பிடித்ததற்கும். இருபது லட்சம் வீட்டுக்கடன், எட்டரை சதவீதம், இருபது வருடம் என்றால் மாதம் 17,356. இன்றைய உங்கள் சம்பளம் அதற்குத் தாங்காது. நாலைந்து வருடம் பொறுங்கள்.

பொறுப்பதற்கு இன்னொரு காரணம் ஏரி. நரசிம்மவர்மன் படை புலிகேசியைத் தோற்கடித்த இடங்களில் ஒன்றென்று கூரம் செப்பேடு சொல்லும் ஊர் நம்முடைய மணிமங்கலம். இப்போது வயலெல்லாம் மனைப் பிரிவுக் கொடி. ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரிநீர்தான் அடையாற்றின் தொடக்கம். 2015 டிசம்பரில் அந்தத் தண்ணீர் வரதராஜபுரத்திலும் முடிச்சூரிலும் வீடுகளுக்குள் புகுந்தபோது படகில் ஆட்களை ஏற்றினார்கள். வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருந்தவர்கள் பீரோவோடு சான்றிதழ்களையும் இழந்து, மறுபடி நாற்காலியும் ஃபிரிட்ஜும் வாங்கத் தனிநபர் கடன் போட்டார்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு கடன். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடுத்தது, மறு வருடம் வரன்முறைத் திட்டம் வந்தது. ஆகவே இன்றைக்குத் தாள் சரியாகத்தான் இருக்கும். பட்டா, வில்லங்கச் சான்று, டிடிசிபி எண் எல்லாம் காட்டுவார்கள். தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பது எந்தத் தாளிலும் இருக்காது. மனை பார்ப்பதானால் பங்குனியில் போகாமல் ஐப்பசி கார்த்திகையில், பெருமழை விட்ட மறுநாள் போங்கள். பக்கத்தில் மாடு மேய்க்கும் பெரியவரிடம் கலங்கல் எந்தப் பக்கம், 2015-ல் இங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது என்று கேளுங்கள். இடுப்பளவு என்றால் திரும்பிவிடுங்கள்.

முதலில் செய்ய வேண்டியது இது. அரையாண்டு விடுமுறையில் ஒரு நாள் காலையில் மனைவியோடு உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்தத் தேதியில், என்ன வட்டி என்று ஒரே தாளில் எழுதுங்கள். கைமாற்று, மளிகைக் கடை பாக்கி, மச்சானிடம் வாங்கிய பத்தாயிரம் உட்பட. எதையும் மனைவியிடம் மறைக்காதீர்கள். அதிக வட்டி எதுவோ அதை முதலில் அடைத்துவிடுங்கள். சின்னத் தொகை என்று கிரெடிட் கார்டை விட்டுவைக்காதீர்கள். பிறகு சிக்கனச் சங்கத்தில் உறுப்பினர் விண்ணப்பம் கொடுங்கள். வாரத்தில் நாலு சாயங்காலமாவது எந்தச் சம்பாத்தியத்துக்கும் கொடுக்காமல் பாடத்துக்கு வையுங்கள். உங்கள் வகுப்பில் ஒடியாவும் இந்தியும் பேசும் பிள்ளைகள் ஐந்தாறு பேர் இருப்பதாகச் சொன்னீர்களே, அவர்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று யோசிக்கவே அந்த நேரம் போதாது.

தாளை எழுதி முடித்ததும் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எதை முதலில் அடைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
மணிமங்கலம்.